கள்ளனாய் நடித்த அண்ணை

செவ்வாய்க்கிழமை இரவு

அண்ணை ஓட்டோவில் வீடு வந்துவிட்டார். படகு வரவில்லை.

எங்கள் கடற்படையும் இன்னொரு நாட்டுக் கடற்படையும் சேர்ந்து கடத்தல்காரரைப் பிடிக்கப் பயிற்சி எடுக்கும் நாள் இன்று. கள்ளனாய் நடிக்க எங்கள் குருநகரில் ஒரு படகு கேட்டார்கள். கூலியாய் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கிடைக்குமென்று அண்ணை எங்கள் படகைக் கொண்டுபோனார். ஒரு பீடி குடித்து முடியுமுன்பே இரண்டு கப்பலும் ஒரு ஹெலிகொப்டரும் வந்து அவரைப் பிடித்துவிட்டன. கப்பலில் நின்றவர்கள் கைதட்டினார்களாம். போன மாதம் அயல்நாட்டு இழுவைப்படகுகள் எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போனபோது விடியும்வரை கடற்படைக்குப் போன் அடித்தோம். ஒரு தோணிகூட வரவில்லை.

பயிற்சி முடிந்ததும் அண்ணையை விட்டார்கள், படகை விடவில்லை. கூட்டாகப் பிடித்ததைக் கூட்டாகத்தான் விடலாமாம். மற்ற நாட்டு அதிகாரியும் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் விருந்துக்குப் போய்விட்டார். விடிய அவருடைய கப்பல் புறப்படுகிறது.

"நடிப்பெண்டுதானே சொன்னவை?" என்று அம்மா கேட்டா.

"ஓமணை. நான்தான் நடிச்சனான். அவையள் நடிக்கேல்லை."

நாளைக்குத் தொழிலுக்குப் போகப் படகில்லை. எப்போது வருமென்றும் தெரியாது. நான் கொதித்துக்கொண்டு நிற்க, அண்ணை ஆறுதலாய்க் கூழ் குடித்தார்.

"இனிக் கள்ளனா நடிக்கமாட்டன் தம்பி. வலை அறுந்தவனா நடிக்கிறன். ஒருத்தரும் கிட்ட வரமாட்டினம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் இன்னும் எரிச்சலாய் இருக்கிறது.