ஜிம்மியைத் தேடி வந்தவர்கள்

கொட்டாஞ்சேனை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி சயந்தனுக்கு,

தோகா வெயிலிலும் வேலையிலும் மாதா உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். போனில் கதைத்தால் திட்டிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

வெள்ளவத்தைக் கட்டிடத்தின் முகப்புத் தகடு விழுந்து, கீழே நின்ற வேலுசாமி செத்த வழக்கு அடுத்த வாரம் வருகிறது. பன்னிரண்டு மில்லிமீட்டர் தகட்டை ஆறாகக் குறைக்கச் சொன்னவர் கட்டிடத்தை எடுத்துக் கட்டிய கொந்தராத்துக்காரர். மாற்றி வரைந்தவன் நீ. கம்பியூட்டர் வரைபடப்படி தகடு வெட்டும் நம் பட்டறை மெஷினில் வெட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள். அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு என்றுதான் அத்தான் நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்ல இருந்தார்.

செவ்வாய் மத்தியானம் கொந்தராத்துக்காரருடைய ஆட்கள் மூன்று பேர் பட்டறைக்குள் வந்து ஷட்டரை இழுத்து மூடினார்கள். அத்தானை அலுமினியச் சட்டத்தால் அடித்தார்கள். காது கிழிந்தது. வேறு யாரும் ஓட்டிவிடாதபடி, மெஷின் மேசையில் கை வைக்கிற ஆள் அதன் சாவியைத் தன் பொக்கற்றில் வைத்திருப்பது நம் வழக்கமல்லவா? அவர் பொக்கற்றிலிருந்தே சாவியை எடுத்தார்கள். அவர் கையை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தகட்டில் வெட்ட நான் மெஷினில் ஏற்றி வைத்திருந்த பூ வடிவத்தை ஓட விட்டார்கள். தகடா கையா என்று மெஷினுக்குத் தெரியுமா? மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்க ஓடினேன். ஒருவன் என் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். ஸ்பானரால் அவன் வாயிலேயே அடித்தேன், பற்கள் கொட்டின. எனக்கு வருத்தமில்லை, இன்னும் இரண்டு போட்டிருக்கலாம். பொத்தானை நான் எட்டும்போது எல்லாம் முடிந்திருந்தது.

இனிச் சொல்வதை நிதானமாக வாசி. பழைய வரைபடங்களையெல்லாம் கம்பியூட்டரில் நம் செத்துப்போன நாயின் பெயரில் ஒளித்து வைத்திருந்தோம். அது நம் மூவரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. உள்ளே வந்ததும் அவன்கள் முதலில் கேட்டது, ஜிம்மி எங்கே என்றுதான். கம்பியூட்டரையும் தூக்கிப்போய்விட்டார்கள்.

அத்தானுக்கு அது இன்னும் உறைக்கவில்லை. நினைவு வந்ததும், சயந்தனையும் தேடிப் போவான்கள், கவனமாக இருக்கச் சொல்லு என்றார். உன்னை வெருட்டினார்களா, வேறு ஏதும் தந்தார்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

ஆறாக்கச் சொல்லிக் கொந்தராத்துக்காரர் போட்ட வாட்ஸ்அப் செய்தி உன் போனில்தான் இருக்கிறது. அதை நம் வக்கீல் சுபோதினிக்கு அனுப்பு.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும். அத்தான் இன்று எழும்பி உட்கார்ந்துவிட்டார். ஜிம்மியைப் பற்றி அவன்களுக்கு யார் சொன்னது என்று அவர் கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. அவர் யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே அனுப்பிவிடு, ராசா.

உன் அக்கா,
நேசமலர்