முடிவை மாற்றச் சொன்னார்கள்

சனிக்கிழமை, இரவு

தானா ராத்தா டவுனில் நடக்கும் வாசகர் கூட்டத்தில் இன்று என் கதையை வாசித்தேன். தேயிலை ஆலையில் வேலை செய்யும் ஒருத்தி, அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு ஈப்போவுக்கு பஸ் ஏறுகிற கதை.

கூட்டத் தலைவர், "நல்லாதான் எழுதியிருக்கீங்கம்மா. ஆனா கடைசில அவ திரும்பி வந்துடணும்லா. பொம்பளதானே பொறுத்துப் போகணும்?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

எஸ்டேட் வீட்டுக்குத் திரும்பும்போது, முடிவை மாற்றிவிடட்டுமா என்று காரில் என் கணவரிடம் கேட்டேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"மாத்தாத. எங்கக்காவும் அடி தாங்காம அப்படித்தான் வீட்டுக்கு வந்துச்சு. அப்பா சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்புனாரு."

அக்கா கல்யாணமான மறுவருஷமே இறந்துபோனார் என்பது மட்டும்தான் இதுவரை எனக்குத் தெரியும். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

கதையை அப்படியே விட்டுவிட்டேன். பக்கத்து அறையில் இவர் இன்னும் தூங்கவில்லை.