காத்திருக்காத பத்து நிமிடம்

மார்ச் 18, செவ்வாய். வெள்ளவத்தை.

இன்று காலை இரத்மலானை விமான நிலையத்தில், யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போகும் விமானத்தின் கதவை மூடப்போகும் நேரம், கவுண்டரில் வேலை செய்யும் மேரி ஓடி வந்தாள்.

"கப்டன், ஒரு பெசஞ்சர் குறையுது. விடிய லண்டனிலயிருந்து கட்டுநாயக்காவில இறங்கினவ. செக்பொயின்ட்ல வாகனத்தை மறிச்சு வச்சிருக்கினமாம். பத்து நிமிஷம் நிண்டா வந்திடுவா. இண்டைக்கு அவட அப்பாட செத்தவீடு."

நிற்பதா போவதா என்பது கப்டனான என் முடிவு. ஆனால் பலாலியில் இறங்க இராணுவம் தந்த நேரம் குறுகியது. பிந்துவதானால் ரேடியோவில் கேட்கவேண்டும். போன வாரம் அப்படிக் கேட்டு ஏச்சு வாங்கியிருந்தேன். நேரமில்லை என்று சொல்லிக் கதவை மூடச் சொன்னேன்.

மத்தியானம் நான் திரும்பி வந்தபோது விமானத்தைத் தவறவிட்ட அந்த அம்மா வாசலில் வாங்குப் பலகையில் இருந்தார். குளிருக்குப் போட்டு வந்த கோட்டை இன்னும் கழற்றவில்லை. அடுத்த விமானம் நாளைக்குத்தான். பேசாமல் கடந்து போக முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"பிந்தி வர விடுவினமோ எண்டு கேட்டுப் பாத்தனீங்களோ, தம்பி?"

"ஓம் அம்மா, கேட்டனான். விடேல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. கேட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கப் பார்க்கிறேன். விட்டிருக்கவும் கூடும்.

அவர் என் கையைப் பிடித்தார். "எனக்காகக் கேட்டனீங்களே, அது போதும். மூண்டு மணிக்குப் பிரேதம் எடுப்பினம். அதுவரைக்கும் இதில இருக்கட்டோ?"

இருங்கள் என்றேன். மூன்று மணிவரை நானும் பக்கத்தில் இருந்தேன். உண்மையைச் சொல்லவில்லை.