கடவுள் இணைத்தது எது?

ஜூன் 17, 2024

முதலாமாண்டுக்கு இன்று தர்க்கவியல் முதல் வகுப்பு. பாதிப் பேர் தூங்கினார்கள். வீட்டுக்கு வந்தால் ஆயர் இல்லத்திலிருந்து தபால். ஏலேன், எங்கள் திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டுத் திருச்சபையின் திருமண நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறாள். மூன்று வருடம் என்னோடு இருந்துவிட்டுப் பாரீசுக்குப் போனவள். அங்கே அந்த நாட்டுச் சட்டப்படி விவாகரத்து வாங்கிப் பதினெட்டு வருடம் ஆயிற்று. அது போதவில்லையாம். யாரையோ கோயிலில் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். அதற்கு நான் போய்ச் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

மாட்டேன்.

ஜூன் 19

அக்கா ஆன் மீன்குழம்போடு வந்தாள். "எவ்ளோ நாளைக்குடா இதயே புடிச்சிக்கிட்டுத் தொங்குவ லூதோவிக்? போய்ச் சொல்லிட்டு வந்துடேன்."

"கடவுள் இணைத்ததை மனிதன் பிரிக்கக் கூடாது. மத்தேயு, பத்தொன்பது" என்றேன்.

"பூசைக்கு வந்து எத்தினி வருஷமாச்சி, வசனம் மட்டும் வக்கணையா வருது."

போய்விட்டாள். குழம்பு நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஜூன் 23

அந்த வசனத்தின் பின்பாதியைத்தான் இத்தனை காலம் பிடித்துக்கொண்டிருந்தேன். முன்பாதி? கடவுள் இணைத்தார் என்று எதை வைத்துச் சொல்வது? மணி அடித்ததையா? சாமியார் கையை உயர்த்தியதையா? முன்கூற்றை நிறுவாமல் முடிவுக்குத் தாவும் மாணவனுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. திருச்சபையின் பதில் எனக்குத் தெரியும் – இருவரும் மனதார, தாமாகச் சொல்லும் சம்மதம். அது இருந்தால் இணைப்பு. இல்லையென்றால் –

இதற்கு மேல் எழுத வேண்டாம்.

ஜூன் 26

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அவள் சொன்னது: "எங்கப்பா என் பாஸ்போர்ட்ட ஒளிச்சி வெச்சிட்டாரு. கட்டிக்கிறேன்னு சொன்னாதான் குடுப்பேன்னாரு. அதுக்குத்தான் கோயில்ல சரின்னேன்."

பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர் அவர். படித்த, வாத்தியார் மாப்பிள்ளை வேண்டும் என்று பிடிவாதம். இப்போது உயிரோடு இல்லை. அவள் சொன்னதைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

ஜூலை 2

என் வழக்கை நானே வாதாடிப் பார்த்தேன். பீடத்தின் முன் நின்று பொய்யாகச் சம்மதித்தாள் என்று திட்டுகிறேன். மணவாழ்வை முறித்துக்கொண்டு ஓடினாள் என்றும் திட்டுகிறேன். இருபது வருடமாக இரண்டையும் ஒரே மூச்சில். இரண்டும் சேர்ந்து நிற்காது! அந்தச் சம்மதம் பொய்யென்றால் முறிக்க அங்கே மணமே இல்லை. மணம் இருந்ததென்றால் அவள் பொய் சொல்லவில்லை. எந்தக் கோபத்தை விடுவது?

சரி, பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகும் மூன்று வருடம் இருந்தாளே, அது ஏன்? பழக்கமா, இரக்கமா? எனக்குப் புரியவில்லை. கடவுள் அந்த மூன்று வருடமும் எங்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்?

ஜூலை 4

போனேன். விசாரித்தவர் ஃபாதர் திதியே. என்னைவிடச் சின்னவர்.

"மனுவுல உங்களக் குறையா ஒன்னும் சொல்லல சார். சாட்சி யாருன்னு கேட்டதுக்கு, அவரையே கேளுங்க, அவரு பொய் சொல்ல மாட்டாருன்னு சொல்லியிருக்காங்க."

ஆத்திரமாக வந்தது. அவளிடம் நான் நற்சான்றிதழ் கேட்டேனா?

"கடவுள் சேத்து வைக்கலன்னா அந்த மூணு வருஷம் என்ன ஃபாதர்?"

"நடந்தது நடந்ததுதான் சார். அத யாரும் இல்லன்னு சொல்லல. அது திருமணமான்னு மட்டுந்தான் பாக்கறோம்."

"அப்ப இத்தனை வருஷமா நான் யாரு?"

"அது எங்க கேள்வில இல்லியே சார்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

நற்செய்தி நூலின் மேல் கைவைத்து, மூன்றாம் நாள் கேட்டதைச் சொன்னேன். நடுவில் தண்ணீர் கேட்டேன்.

ஜூலை 5

ஏன் சொன்னேன்? நல்ல மனதாலா? இல்லை. நானும் பொய் சொல்லிவிட்டால், அப்புறம் அவளைப் பொய்க்காரி என்று எந்த வாயால் சொல்வது?

அவ்வளவுதானா? தெரியல. ஒன்னுமே தெரியல.

ஜனவரி 30, 2025

தீர்ப்பு வந்துவிட்டது. திருமணம் செல்லாது.

அக்கா போனில் சிரித்தாள். "டேய், அம்பத்திமூணு வயசுல கல்யாணமாவாத பையன்டா நீ. பொண்ணு பாக்கட்டுமா?"

வைத்துவிட்டேன். சற்றுப் பொறுத்து எனக்கும் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 22

பாரீசில் இன்று ஏலேனுக்குக் கல்யாணம் என்று ஆன் சொன்னாள். காலையில் பங்கு அலுவலகத்துக்குப் போய் மாலைப் பூசையில் ஒரு கருத்து, ஒருவருக்காகப் பேர் சொல்லி வேண்டுதல், வைக்கக் கேட்டேன். எழுதும் பெண் தாமரைச்செல்வி தலையைத் தூக்கவில்லை.

"யாருக்கு சார்?"

"ஏலேன்."

"எறந்தவங்களா?"

"இல்ல, இல்ல. நல்லாருக்கணும்னுதான்."

"உங்களுக்கு என்ன உறவு?"

வாயைத் திறந்தேன். மனைவி இல்லை. முன்னாள் மனைவி என்று சொல்லவும் இனி வழியில்லை.

"பூசையில படிக்கணும் சார். பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

"தெரிஞ்சவங்க" என்றேன்.

மாலையில் அப்படியே வாசித்தார்கள் – தெரிந்தவர் ஏலேனின் நல்வாழ்வுக்காக, லூதோவிக். ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று கோயில் முழுக்கச் சொன்னது. நானும் சொன்னேன். கேட்க அங்கே யார் இருக்கிறார் என்று அந்த நேரத்தில் யோசிக்கத் தோன்றவில்லை.