நீ பிரித்த சால்வை

இன்று காலை வந்த பார்சலைத் திறந்ததும் வீடெல்லாம் கம்பளி வாசனை. மழையில் நனைந்த ஆட்டின் வாசனைதான், வேறென்ன. நீ அதை மூக்கோடு வைத்து இழுத்துக்கொண்டு சொக்கிப்போய் நிற்பாய். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இந்தத் தடவை சாம்பல் நிறத்திலும் கடுகு நிறத்திலும் பிரான்சிலிருந்து நூல் அனுப்பியிருக்கிறாள் நூல்கடை மதாம். வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது. இந்த வெயிலில் கம்பளி நூலை மடியில் போட்டுக்கொண்டு உட்காரும் பைத்தியங்கள் புதுச்சேரிக் கருவடிக்குப்பத்தில் நம் பின்னல் கூட்டத்தைத் தவிர வேறு யார்? பைத்தியத்தைத் தொடங்கி வைத்தவள் நீதான்.

அப்போது நம் கூட்டம் கலைந்துபோகும் நிலையில் இருந்தது. காலையில் மீன் விற்றுவிட்டு மதியம் குரோஷே ஊசியோடு வந்து உட்காரும் கனகசெட்டிக்குளத்துப் பெண்களும், மாதா கோயில் பீடத்துக்குத் துணி பின்னிப் பழகிய நம் தெருப் பெண்களும் சேர்ந்து போட்ட லேஸ்களை நம் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பின்னிய கையெல்லாம் சும்மா கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் பிரான்சில் இருக்கும் உன் அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். எனக்கும் சேர்த்து அழைப்பு வாங்கினாய். "நீயும் வாடி, பின்னினதெல்லாம் பையில எடுத்துக்கினு போவோம்" என்றாய். அங்கே இதையெல்லாம் யார் சீந்துவார்கள் என்று உன் அண்ணன் சிரித்தார். நீ காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கல்யாணம் முடிந்த வாரம் அந்தச் சந்துக்குள் இருந்த நூல் கடையைக் கண்டுபிடித்தாய். கதவைத் தள்ளியதும் மணி ஒலித்தது. தரையிலிருந்து கூரை வரைக்கும் நூல். நடுவில் ஒரு வட்ட மேசை. வாங்க வருகிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு பின்னலாம். எதற்கு வந்தோம் என்பதை மறந்துபோனாய் நீ. கன்னியர் பள்ளியில் படித்த பிரெஞ்சில், ஒவ்வொரு நூலையும் தொடும் முன்னால் கடைக்கார மதாமிடம் மரியாதையாக அனுமதி கேட்டாய். தொட்டதை அப்படியே தாடைக்குக் கீழே வைத்துத் தேய்த்துப் பார்த்தாய். கழுத்தை உறுத்தாத நூல்தான் நூல் என்பது உன் கட்சி. நம் வயதுதான் இருக்கும் அந்த மதாமுக்கு. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு நீ செய்வதையே ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ எடுத்த நூலெல்லாம் உருட்டாமல், வளையமாக முறுக்கிய சிட்டம் சிட்டமாக இருந்தது. அங்கே அதைக் கடைக்காரர்களே உருண்டையாகச் சுற்றித் தருவார்களாம். மதாம் சிட்டங்களை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அவள் திரும்பி வந்ததும் பையைத் திறந்து காட்டுவதாகத் திட்டம்.

திட்டம் போட்டவள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயா? சன்னலோரம் ஒரு சால்வை மாட்டியிருந்தது. பின்னலைக் கண்டால் புரட்டிப் பின்பக்கம் பார்க்காமல் உனக்குச் சோறு இறங்காதே. பார்த்தாய். விளிம்பில் ஒரு வளைவில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது.

நம் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாருடைய பின்னலிலாவது பிழை தென்பட்டால் வாயைத் திறக்கக் கூடாது. பிரித்துச் சரியாகப் போட்டு, இருந்த இடத்தில் வைத்துவிட வேண்டும். சொல்லிக்காட்டினால்தான் மனசு நோகும். சரி, அது நம் கூட்டத்தில். நீ அந்தக் கடையில் போய் நூல் முனையைத் தேடிப்பிடித்து இழுத்துவிட்டாய். சரசரவென்று ஒரு முழம் பிரிந்துவந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"இன்னாடி பண்ற?" என்றேன்.

"ஒரு கண்ணி உட்டுட்டாங்கடி. அவங்க வர்றதுக்குள்ள போட்டுடறேன்."

அதற்குள் அவள் வந்துவிட்டாள். கையில் நூல் உருண்டைகளோடு அப்படியே நின்றாள். அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது அம்மாவைச் சொல்லும் 'மாமோன்' என்ற ஒரு சொல்தான். அவளுடைய அம்மா கண் மங்கிய பிறகு போட்ட கடைசிச் சால்வை அது. அந்தப் பிழையைத் தெரிந்தேதான் விட்டுவைத்திருந்தாளாம். நீதான் அதை எனக்குத் தமிழில் சொன்னாய்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பையை யார் இனி திறந்து பார்க்கப்போகிறார்கள்? ஊரில் காத்திருப்பவர்களிடம் என்னவென்று சொல்வது? நீ ஒரே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாய். பிறகு, உங்கள் அம்மா எப்படிப் போட்டாரோ அப்படியே போட்டுத் தருகிறேன் என்றாய். அவள் நாற்காலியை இழுத்து உன் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

தப்பே போட்டு அறியாத கை உன்னுடையது. முதல் தடவை அந்த வளைவு தானாகவே சரியாக விழுந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி பிரித்தாய். பக்கத்திலிருந்த பழைய வளைவுகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தாய். அந்தக் கிழவி ஓரிடம் தளர்வாகவும் ஓரிடம் இறுக்கமாகவும் போட்டிருந்தாள். நீயும் கையைத் தளர்த்தினாய், இறுக்கினாய். அந்த ஒரு கண்ணியை அதே இடத்தில் விட்டாய். நூலை முடிந்து கொடுத்தாய். மதாம் வெளிச்சத்தில் பிடித்து விளிம்பு முழுக்க விரலை ஓட்டினாள். பிழை இருந்த இடத்தில் விரல் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பையில் என்ன என்று கேட்டாள்.

நான் ஜிப்பில் கை வைத்துவிட்டேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"இன்னிக்கு வேணாம்டி. பண்ணதுக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிடும். நாளைக்கு வருவோம்."

நூலுக்குப் பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாய். சந்து முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். விதியே என்று அன்றிரவு நான் புரண்டுகொண்டிருக்க, நீ குறட்டை விட்டாய்.

மறுநாள் போனோம். சால்வையைப் பற்றி யாரும் பேசவில்லை. நம் லேஸ்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தாள் மதாம். உன்னைப் போலவே பார்த்தாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் நூல் அனுப்புகிறாள், நாம் பின்னி அனுப்புகிறோம். லேஸ் நன்றாக இருந்ததால்தான் வாங்கினாள், உன் மேல் இரக்கப்பட்டு வாங்கவில்லை என்று நம் பெண்கள் இன்றைக்கும் தலை நிமிர்ந்து சொல்கிறார்கள். அந்த ஒரு ராத்திரி பொறுத்திருந்து அந்தத் தலைநிமிர்வை நீ அவர்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தாய். உன்னோடு அந்தக் கடைக்குள் போனவள் நான் என்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

நீ கண்ணை மூடிவிட்டதை என் அரைகுறை பிரெஞ்சில் அவளுக்குச் சொல்லியிருந்தேன். பார்சல் வந்துசேர்ந்ததா என்று கேட்டு இன்று போனில் பேசினாள். செய்தி கேட்ட அன்றைக்குச் சால்வையை இறக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாளாம். அம்மா கை எங்கே முடிந்து உன் கை எங்கே தொடங்குகிறது என்று தேடித் தேடிப் பார்த்தும் பிடிபடவில்லையாம். எனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

தெரியாது மதாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும்டி.