சிவப்பாகவே நின்ற பெயர்

அக்கா,

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி: குட்டி நன்றாக இருக்கிறாள். எங்கள் தெருவுக்குத் தட்டம்மை வந்தது, தோற்றும் போனது!

மாடி வீட்டுப் பெண்ணுக்குத்தான் முதலில் கண்டது. மறுநாள் காலையே செவிலியர் டேப்லெட் கணினியும் கையுமாக வந்துவிட்டார். ஐம்பது வீட்டில் பதினொரு கதவைத்தான் தட்டினார். முதல் கதவு எங்களுடையது.

"ரெண்டாவது தவணை போடலையேம்மா. பதிவுல குட்டி பேரு சிவப்பா நிக்குதே."

'போட்டாச்சு' என்று வாய் வரை வந்தது. அன்று போனில் உன்னிடம் சொன்ன அதே பொய். முதல் ஊசிக்குக் குட்டி இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள்; அந்தப் பயத்தில்தான் இரண்டாவதைப் போடவில்லை. அதை நான் உனக்குச் சொல்லவே இல்லை.

தடுப்பூசிப் பதிவுகளைச் சரிபார்க்கிற நீயோ, "தேதியும் மருந்து பேட்ச் நம்பரும் சொல்லுடி, அப்பதான் பச்சையா மாத்துவேன்" என்றாய். "கூடப் பொறந்தவளையே நம்ப மாட்டியா?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

நீ நம்பியிருந்தால் செவிலியர் எங்கள் வாசலைத் தாண்டிப் போயிருப்பார்.

அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு பிள்ளைகளுக்கும் ஊசி போட்டாயிற்று. தெரு முழுக்க அழுகைக் கச்சேரி. குட்டிதான் முதல் குரல். நான் அதற்கு மேல். மூன்று வாரமாகிறது. இன்னொரு பிள்ளை மேல் ஒரு தடிப்பு இல்லை. குட்டிக்குக் காய்ச்சல்கூட வரவில்லை.

செவிலியர் அங்கேயே பதிந்துவிட்டார், பச்சையாகிவிட்டது. ஆனாலும் நீ கேட்டதை நான்தான் சொல்ல வேண்டும். எட்டாம் தேதி. பேட்ச் நம்பர் 4417. வலது கை.

சரிபார்த்துக்கொள், அக்கா.

உன் தங்கை