ஓட்டலில் உனக்கு என்ன வேலை

கீழக்குயில்குடி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் தமிழ்வாணிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் யாராவது உன்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால்தான் எழுதி, பக்கத்து வீட்டு ரூபினாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை அவள் தன் வீட்டுக்காரரிடம் தோஹாவுக்கு வருகிறாள்.

டி. கல்லுப்பட்டியிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்ததை அப்பா சொல்லியிருப்பார். பையன் நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறான். ஒன்றை மட்டும் அப்பா சொல்லியிருக்க மாட்டார். பையனுடைய அம்மா, "ஓட்டல்ல பொண்ணுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். மேனேஜர் என்றார் அப்பா. "அதான், என்ன செய்யும்?" என்றார் அந்தம்மா. அப்பா என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நான்கு வருடமாக நீ ஓட்டல் விசேஷங்களில் எடுத்து அனுப்பும் படங்களைப் பார்க்கிறோம். பூ, விளக்கு, மேடை. அதில் உன் வேலை எது என்று நாங்கள் கேட்டதே இல்லை.

கப்பலூர் கம்பெனியில் நான் துணி தைக்கும்போதும் அதே நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ராமக்காள் வீட்டுக்கு என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு, மதுரை பைபாஸ் ரோட்டில் இருக்கும் பெரிய ஓட்டலுக்குப் போனேன். மகள் கல்யாணத்துக்கு ஹால் பார்க்க வேண்டும் என்றேன். வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். உட்காரவைத்து, உன் வயதில் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். முத்துமீனா என்று பெயர், உன்னைப் போல அங்கே விசேஷங்களைக் கவனிக்கிற மேனேஜராம். கறுப்புக் கோட்டு, காதில் ஒரு ஒயர்.

எத்தனை பேர் வருவார்கள், சைவமா அசைவமா, வயதானவர்கள் படி ஏறுவார்களா என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். அப்புறம், "பொண்ணுக்கு என்னம்மா பிடிக்கும்? அதுல இருந்து ஆரம்பிப்போம்" என்றாள். உனக்கு என்ன நிறம், என்ன பூ, கூட்டம் பிடிக்குமா பிடிக்காதா, ஒன்றும் தெரியவில்லை. கண் கலங்கி, உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "எங்க அம்மாவுக்கும் என் வேலை என்னன்னு தெரியாதும்மா, வாங்க காட்டுறேன்" என்று உள்ளே கூட்டிப்போனாள். அன்று சாயங்காலம் அங்கே ஒரு வரவேற்பு. மேடையில் வெள்ளைப் பூ வைத்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் வந்து, மஞ்சள்தானே சொன்னேன் என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். வெள்ளை என்று அவரே கையெழுத்துப் போட்ட தாள் இவள் கையில் இருந்தது. அதைக் காட்டவில்லை. ஒரு மணி நேரம் கொடுங்கள் சார் என்றாள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போன் போட்டாள், ஆட்களை ஏணியில் ஏற்றினாள், தானும் ஒரு பக்கம் ஏறி நின்று கட்டினாள். சொன்ன நேரத்துக்குள் மேடை மஞ்சளாகிவிட்டது. ஏன் தாளைக் காட்டவில்லை என்று கேட்டேன். "காட்டுனா நான் ஜெயிச்சிருவேன். அந்தப் பொண்ணு மேடையில அழுதுகிட்டு நிக்கும்மா" என்றாள். நாலரை மணிக்குத்தான் சுவரில் சாய்ந்து நின்றபடி தயிர்சோறு சாப்பிட்டாள்.

பஸ்ஸில் உன்னையே நினைத்துக்கொண்டு வந்தேன். உனக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது? அங்கே எந்த மொழியில் கத்துகிறார்கள்? நீயும் ஏணியில் ஏறுவாயா?

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பொய் சொன்னதற்கு முதலில் கோபித்தார். அப்புறம், அந்தப் பொண்ணு அம்புட்டுப் பூவுக்கு எங்கே போச்சு என்று மூன்று தடவை கேட்டார்.

நேற்று கல்லுப்பட்டியிலிருந்து போன் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நீ வேலையை விட்டு ஊரோடு இருக்க வேண்டும், சம்மதமா என்றார்கள். அப்பா போனை என்னிடம் நீட்டினார். "அத அவகிட்டதான் கேக்கணும், ஒரு வாரம் பொறுங்க" என்றேன். அந்தம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, குரலிலேயே தெரிந்தது.

அதனால் கேட்கிறேன் தாயி. வந்துவிடு என்று நான் சொல்லவில்லை. உனக்கு வேண்டாம் என்று தோன்றினால் போனில் ஒரு வார்த்தை எழுதி அனுப்பு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. கல்லுப்பட்டிக்கு நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவேன், அப்பாவும் கூட வருகிறேன் என்கிறார்.

எங்கே இருந்தாலும் நீ மகராசியாக இருக்க வேண்டும்.

உன் அம்மா
தங்கப்பொண்ணு